பன்னிரண்டாம் தேதி பிடுங்கிய பல்

மழை பிடித்து அன்று நான்காவது நாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் காயாத துணியின் வாடை அடித்தது. டைப்பிஸ்டம்மா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். காவல் துறையில், காணாமல் போனவர்களின் பிரிவில், இருபத்தாறு வருடம் தட்டச்சு அடித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். பெரும்பாலும் ஸ்டேஷனில் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்.

அவருடைய தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்ந்தவர். ஊருக்கெல்லாம் அவர் 'டிரைவர்'. அக்காவுக்குத் துணையாக அலைவது இப்போது அவர் வேலை. எதையாவது ஒன்றை அக்காவுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. இதுவரை நடந்ததில்லை.

படியேறி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நீலச் சீருடை, சட்டைப் பையில் அலுவலகக் கட்டடம் ஒன்றின் பெயர்ப் பட்டை. லிஃப்ட் இயக்குபவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்மா. ஞானப்பல்லைப் பிடுங்கிட்டா, அது திரும்ப முளைக்குமா?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, பல் டாக்டர் அடுத்த தெருவுல இருக்காரு."

"அங்க போனா பல்லைப் பத்திச் சொல்வாங்க. நான் கேக்கறது என் பொண்ணைப் பத்தி."

டிரைவரின் சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. டைப்பிஸ்டம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "உக்காருங்க. முதல்லருந்து சொல்லுங்க."

லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே மகள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மீன் பதப்படுத்தும் ஆலையில் நிரந்தர வேலை, பெண்கள் விடுதியில் வாசம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாலை, மழையில், வேலை முடிந்து கிளம்பியவள் விடுதிக்கு வந்து சேரவில்லை. பத்தொன்பது நாள் கழித்து கால்வாயின் மதகில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. முகம் தெரியும் நிலையில் இல்லை.

"உயரம் ஒத்துப்போச்சு. வயசும் ஒத்துப்போச்சு. போலீஸ்ல இருந்து ஆலை க்ளினிக்குக்குப் போயி பல் கார்டை வாங்கினாங்க. என் பொண்ணுக்குக் கீழ வலது பக்கம் ஞானப்பல்லைப் பிடுங்கியிருக்குன்னு அதுல இருந்துச்சு. அந்த உடம்புல அந்தப் பல்லு கெட்டியா இருந்துச்சு. 'உங்க பொண்ணு இல்லைய்யா, போயிட்டு வாங்க'ன்னுட்டாங்க. நான் விடுதி வாசல்ல நின்னு பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சேன். அங்க இருந்த பொண்ணுங்களுக்கெல்லாம் பன் வாங்கிக் குடுத்தேன். யாரோ பெத்த புள்ளை செத்துக் கிடக்குது, நான் சிரிக்கிறேன்."

அந்த உடலை நகராட்சி இடுகாட்டில் நாற்பத்தொன்று என்று எண் போட்டுப் புதைத்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கத் தொடங்கினார்.

"போன வாரம் நாலாவது மாடிக்குப் போற கிளார்க் ஒருத்தர் லிஃப்ட்ல பேசிட்டு வந்தாரு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பிடுங்கின ஞானப்பல்லு அதே இடத்துல முளைச்சிடுச்சாம். எனக்கு எந்த மாடியில நிறுத்தறதுன்னே தெரியலை. முளைக்கும்னா, நாற்பத்தொண்ணு..."

டைப்பிஸ்டம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "பல் பிடுங்கினதைப் பத்தி உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அதாம்மா எனக்கும் ஆச்சரியம். நகம் உடைஞ்சாகூட போன் பண்ணிச் சொல்ற புள்ளை. இதைச் சொல்லவேயில்லை. அப்பா பயந்துடுவாருன்னு மறைச்சிருப்பா. கூட இருந்த பொண்ணுதான் போலீஸ்ல 'ஆமா, எடுத்தா'ன்னு சொல்லுச்சு."

"கூட இருந்த பொண்ணுன்னா?"

"ஒரே அறை. நல்ல புள்ளை. கொஞ்சம் பூசின உடம்பு. என் பொண்ணு குச்சி மாதிரி இருப்பா. ரெண்டும் ஒண்ணா நடந்து வந்தா வாட்ச்மேன் 'ஒண்ணும் சைபரும் சேந்து பத்து வருது'ன்னு கிண்டல் பண்ணுவான். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் விடுதிக்குப் போயி ஏதாவது தகவல் உண்டான்னு அந்தப் புள்ளைகிட்டதான் கேப்பேன். என்னைப் பாத்தாலே கண்ணு கலங்கிடும்."

"பொண்ணு உங்க வீட்டுக்கு அடிக்கடி வருவாளா?"

"லீவு கிடைச்சா. அந்த வருஷம் மார்ச் பதினாலுல வந்தா. அவ அம்மா போயி ஒரு வருஷம் முடிஞ்ச நாளு. நானும் அவளும் வாசப்படியில உக்காந்து ஒரு பொட்டலம் வறுத்த கடலையைத் தின்னோம். என் பல்லு ஆடுதுன்னு எனக்கும் சேத்து அவளே கடிச்சு உடைச்சுக் குடுத்தா. பேசவேயில்லை. ரெண்டு பேருக்கும் அழுகை வராம இருக்க வாயில ஏதாவது வேண்டியிருந்துச்சு."

டைப்பிஸ்டம்மா அதை எழுதிக்கொண்டார். கடலையை எதற்கு எழுதுகிறார் என்று டிரைவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் ஆலையின் க்ளினிக்குக்குப் போனார்கள். பல் மருத்துவர் முகத்தைச் சுளித்தபடி பழைய கோப்பை எடுத்து மேஜையில் போட்டார். டிரைவர் கார்டைச் சத்தமாகப் படித்தார்.

"மார்ச் பன்னிரண்டு, காலை பதினொண்ணு இருபது. வயசு இருபத்து நாலு. எடை அறுபத்தெட்டு. கீழ் வலது ஞானப்பல். மூணு தையல். மூணு நாள் ஓய்வு, கஞ்சி மாதிரி ஆகாரம். எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா."

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடைசிப் பல் நிற்காமல் குறுக்கே படுத்துக் கிடந்தது. "நாலு துண்டா உடைச்சுத்தான் எடுத்தேன். முக்கால் மணி நேரம். எடுக்காமலே எழுதிட்டேன்னு சொல்ல வந்திருந்தா கிளம்பிடுங்க."

"அப்படிச் சொல்லலை டாக்டர். அந்தப் பொண்ணோட முகம் ஞாபகம் இருக்கா?"

"ஒரு நாளைக்கு நாற்பது வாயைப் பாக்கறேன். முகத்தைப் பாக்க எங்க நேரம்?"

"சரி, பிடுங்கின ஞானப்பல் திரும்ப முளைக்குமா?"

மருத்துவர் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கி வந்தார். "முளைக்காது. முன் பல்லுக்காவது பால் பல், அப்புறம் நிலைப் பல்னு ரெண்டு தடவை உண்டு. ஞானப்பல்லுக்கு ஒரே தடவைதான். முளைச்சிடுச்சுன்னு சிலர் வருவாங்க. பாத்தா, உள்ள தங்கின வேர்த்துண்டு மேல வந்திருக்கும். இல்லேன்னா பின்னால ஒளிஞ்சிருந்த கூடுதல் பல் ஒண்ணு தலை காட்டும். அது அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் சின்னதா, கோணலா இருக்கும்."

டிரைவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே வந்ததும், "அவ்வளவுதான் அக்கா! முளைக்காதுன்னா நாற்பத்தொண்ணு அவர் பொண்ணு இல்லை. போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"உனக்குத்தான் பிணவறையில ஆளு உண்டே. அந்த உடம்போட பரிசோதனைத் தாளைப் பாத்துட்டு வா."

டிரைவர் இருபது வருடம் சவங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் அது. பிணவறை ஊழியர் தேநீர் வாங்கிக் கொடுத்து, தாளையும் எடுத்துக் கொடுத்தார். டிரைவர் வரிக்கு வரி எழுதிக்கொண்டு வந்தார். நீரில் மூழ்கி மரணம். காயமோ, கட்டிய அடையாளமோ இல்லை. கீழ் வலது ஞானப்பல் முழு வளர்ச்சி, நேராக நிற்கிறது, இரண்டு வேர். எந்தப் பல்லிலும் சிகிச்சை நடந்த தடயம் இல்லை.

"நேரா நிக்குது, முழு வளர்ச்சி" என்று டைப்பிஸ்டம்மா இரண்டு தடவை படித்தார். "அப்ப அது துண்டு இல்லை. கூடுதல் பல் மாதிரியும் இல்லை. அந்தத் தாடையில யாரும் கை வைக்கவே இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன். அது வேற பொண்ணு."

டைப்பிஸ்டம்மா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகம் வெளியே இருந்த வானத்தைப் போலவே இருந்தது.

பிற்பகல் ஆலையின் நேர அலுவலகம். மீன் வாடையும் ஐஸ் வாடையும் சுவரிலேயே ஊறியிருந்தன. நேரக் காப்பாளர் அந்த வருடத்து மார்ச் வருகைப் பேரேட்டைத் தூசி தட்டி விரித்தார். நிரந்தரத் தொழிலாளர்கள் மேலே, ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

"இந்தப் பொண்ணு... பன்னிரண்டு முழு நாள். பதிமூணு முழு நாள். பதினாலு லீவு."

டிரைவர் திடுக்கிட்டார். "பன்னிரண்டு முழு நாளா? நடுவுல க்ளினிக்குக்குப் போயிருக்கலாமே?"

"பனி அறைக்குள்ள வேலை பாத்த பொண்ணுங்க. அந்தக் கோட்டும் பூட்ஸும் கழட்டவே பத்து நிமிஷம் ஆகும். நடுவுல வெளிய போனா இங்க கையெழுத்துப் போட்டுத்தான் போகணும். கையெழுத்து இல்லை."

டைப்பிஸ்டம்மாவின் விரல் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒரு வரியில் நின்றது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு மூன்று நாளும் வரவில்லை. எதிரே 'காய்ச்சல்' என்று குறித்திருந்தது.

"ஒப்பந்த ஆளுங்களுக்கு க்ளினிக் கார்டு உண்டா?"

"நிரந்தரமானாத்தான் உண்டு. இந்தப் பொண்ணு அந்த அக்டோபர்லதான் நிரந்தரமாச்சு."

விடுதிக்குப் போகும் குறுக்கு வழி கால்வாய் மேல் ஆலை போட்ட நடைபாலம். இருவரும் அதன் வழியாகவே திரும்பினார்கள். கீழே பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது. ஒரு பக்கக் கைப்பிடி முழுக்கத் துரு. மறுபக்கத்தில் பத்தடி மட்டும் புதுக் கம்பி. பால முனையில் நின்ற ஆலைக் காவலாளியிடம் கேட்டபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷமாச்சு மாத்தி. அதுக்கு முன்னாடி மழைக்காலம் பூரா உடைஞ்சேதான் கிடந்துச்சு."

டிரைவர் பாதி வழியில் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "எனக்குப் புரிஞ்சிடுச்சு! அந்த அறைத்தோழிதான். அவதான் இவளைத் தள்ளிவிட்டிருக்கா. நிரந்தர வேலைக்காக."

"அவ நிரந்தரமாகி ஒரு மாசம் கழிச்சுத்தான் இவ காணாமப் போனா. உன் கதை நல்லா இருக்கு தம்பி. ஆனா இதுல கொலைகாரன் யாருமே இல்லை. அதுதான் கஷ்டமா இருக்கு."

மறுநாள் காலை அறைத்தோழியை டிரைவரே போய் அழைத்து வந்தார். வழி நெடுக அந்தப் பெண் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது டிரைவருக்கு என்னவோ போலிருந்தது. மேலே வந்ததும், அறையில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவர் முன்னாலயா அக்கா?" என்று டிரைவர் காதோடு காதாகக் கேட்டார். "முதல்ல நீ தனியா அவருக்குச் சொல்லிடேன்."

"நான் சொன்னா அவர் நம்ப மாட்டார். இன்னும் பத்து வருஷம் காத்துட்டு இருப்பார்."

டைப்பிஸ்டம்மா எல்லோரையும் உட்கார வைத்தார். பேசும்போது யாரையும் பார்க்காமல் மேஜையில் இருந்த தாள்களையே பார்த்தார்.

"ஐயா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் முதல்ல. பிடுங்கின ஞானப்பல் திரும்ப முளைக்காது."

லிஃப்ட்காரரின் தோள் இறங்கியது. மூச்சை விட்டார். "கடவுளே."

"கொஞ்சம் பொறுங்க. மார்ச் பன்னிரண்டாம் தேதி க்ளினிக்ல ஒரு பொண்ணுக்கு அந்தப் பல்லை நாலு துண்டா உடைச்சு எடுத்து மூணு தையல் போட்டாங்க. அப்படி எடுத்தா ரெண்டு நாள்ல வாயைத் திறக்கறதே பாடு. ஆனா பதினாலாம் தேதி உங்க பொண்ணு உங்க பங்கு கடலையையும் சேத்துக் கடிச்சுக் குடுத்தா."

லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"கார்டுல எடை அறுபத்தெட்டு. நீங்க உங்க பொண்ணு குச்சி மாதிரி இருப்பான்னு சொன்னீங்க. பன்னிரண்டாம் தேதி பதினொண்ணு இருபதுக்கு அவ பனி அறைக்குள்ள இருந்தா, பேரேடு சொல்லுது. அன்னிக்கு அந்த நாற்காலில உக்காந்தது அவ பேரு மட்டும்தான். வாய் வேற ஒருத்தியோடது. அந்த மூணு நாள் காய்ச்சல்னு வராம இருந்தது யாரு, கார்டு இல்லாம இருந்தது யாருன்னு..." டைப்பிஸ்டம்மா நிறுத்தினார். "அதை நீயே சொல்லும்மா."

அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துப்போயிருந்தது.

"முகம் பூரா வீங்கிடுச்சு. தண்ணிகூட இறங்கலை. எனக்குக் கார்டு கிடையாது. அவதான் அவ கார்டை எடுத்துக் குடுத்தா. 'உன் மூஞ்சியை யாரு பாக்கப் போறா, வாயைத்தானே பாப்பாங்க, போ'ன்னா. கிளம்பறப்ப 'உன் சொந்தப் பேரை மறந்துடாதே'ன்னு சிரிச்சா."

அவள் விரலிலிருந்து துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"அப்புறம் போலீஸ் வந்து 'அவ பல்லு எடுத்தாளா'ன்னு கேட்டாங்க. எனக்கு நிரந்தரமாகி மாசம் ஒண்ணுதான் ஆகியிருந்துச்சு. பொய்ப் பேருல வைத்தியம் பாத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க. ஆமான்னு சொன்னேன். ராத்திரி பூரா யோசிச்சேன், காலையில போயி உண்மையைச் சொல்லிடலாம்னு. சத்தியமா வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க வாசல்ல நின்னு சிரிச்சிட்டு இருந்தீங்கப்பா. என் கையிலயும் ஒரு பன்னைக் குடுத்தீங்க."

லிஃப்ட்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும், அடிக்கப் பாய்வார் என்று டிரைவர் தயாராக நின்றார். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"மாசா மாசம் வந்தேனே" என்றார். "பக்கத்துல உக்காந்து, அவ வந்தா வீட்டுல எந்த அறையைக் குடுக்கறதுன்னு உன்கிட்ட கேட்டேனே. பெரிய அறையைக் குடுங்கன்னு சொன்னியே."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை. இருமல் மாதிரி இருந்தது.

"அப்ப மதகுல..." என்று அவர் டைப்பிஸ்டம்மாவிடம் திரும்பினார்.

"பாலத்துக் கைப்பிடி அப்ப உடைஞ்சு கிடந்துச்சு. மழை, இருட்டற நேரம். யாரும் எதுவும் செய்யலை ஐயா. தவறி விழுந்திருக்கணும். இது என் கணக்குத்தான். இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தா, குழியைத் திறந்து உறுதி பண்ணச் சொல்லி மனு போடலாம்." பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "எழுதினா உன் வேலை போயிடும். வழக்கும் வரலாம். யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவில்லை. பேனாவை வாங்கி எழுதினாள். டிரைவர் எட்டிப் பார்த்தார். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயின.

லிஃப்ட்காரர் எழுந்து யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினார். டிரைவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தெருவில் அவரைப் பிடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மூணு வருஷமா வாசக் கதவைப் பூட்டலை டிரைவர்" என்றார் அவர். "அவ சாவி இல்லாம வந்து நின்னா என்ன பண்ணுவான்னு. ரெண்டு தடவை திருடன் வந்தான். அப்பவும் பூட்டலை."

இருபது வருடத்தில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய டிரைவர் குடையைப் பிடித்தபடி பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். திரும்பி வந்து அக்காவிடம் கேட்டார்: "தெரியாமலே இருந்திருக்கலாமோ?"

"அவர்தான் கேட்டு வந்தார்" என்றார் டைப்பிஸ்டம்மா. அன்று அவர் பென்சிலைத் தொடவில்லை.

மனு, உத்தரவு, பரிசோதனை என்று ஐந்து வாரம் போனது. எலும்பில் எடுத்த மரபணு தந்தையின் ரத்தத்தோடு ஒத்துப்போனது. அந்தப் பெண்ணை ஆலையிலிருந்து இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டார்கள். பாலத்தைப் பற்றி ஆலையில் யாரும் வாய் திறக்கவில்லை.

இடுகாட்டு அலுவலகம் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. பதிவாளர் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே வெறுமையாக இருந்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "பேரு?" என்றார்.

லிஃப்ட்காரர் சொன்னார்.

"மழைச் சத்தத்துல கேக்கலை. இன்னொரு தடவை."

அவர் மகளின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பதிவாளர் எழுதி முடித்து மை உலர ஊதினார்.

"கூட வந்த சாட்சிங்க?"

டைப்பிஸ்டம்மாவும் டிரைவரும் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வாசல் கதவுக்கு அப்பால், உள்ளே வரத் துணிவில்லாமல், அந்தப் பெண் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் வெகு நேரம் பார்த்தபடியே இருந்தார். அந்த முகத்தில் மன்னிப்பு இருந்ததாக டிரைவருக்குத் தோன்றவில்லை.

"வெளிய ஒரு பொண்ணு நிக்குது" என்றார் பதிவாளரிடம். "அதையும் எழுதிக்குங்க."

"அவங்க பேரு?"

"வந்து அதுவே சொல்லட்டும்."

டிரைவர் போய்க் கூப்பிட்டார். அவள் உள்ளே வந்து, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னாள்.